டாக்டரின் முகமும் ஒதிலியாவின் மக்காச்சோளமும்

கண்ணியமான தாயகத் திரும்பலுக்கான தேசிய இயக்குநரகத்தின் தலைவர், டாக்டர் பெலிசாரியோ அந்த்ராதே அவர்களின் முகத்தை நாவற்பழ நிறத்துக்கு மாற்றியவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரணைக் குழுவிடமும் இதையேதான் சொன்னேன். அவர்கள்தான் நம்ப மறுத்து, எனக்குப் பின்னால் ஏதோ பெரிய சக்தி இருப்பதாக முடிவு கட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்தது என் மனைவி ஒதிலியா. பெரிய சக்திதான், ஆனால் அவர்கள் நினைத்த வகை அல்ல.

தலைநகர் பொகோட்டாவில் ஒரு பழைய நூல் ஆலைக்குள் பலகைத் தடுப்பு போட்டு எங்களை, அதாவது துவாந்தோ ஆற்றங்கரை எம்பெராப் பழங்குடிகளை, வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் தற்காலிக விடுதி. என் கடைசி மகன் அந்தத் தற்காலிகத்தில் பிறந்தவன். இப்போது மீசை முளைக்கப் பார்க்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே 'திரும்பல் வாரம்' கொண்டாடுவார்கள். திரும்புவது கிடையாது, வாரம் மட்டும் உண்டு. இந்த வருடம் தலைவரே வருகிறார் என்று செய்தித் தொடர்பு அதிகாரி ஹிமேனா காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். தலைவர் கன்னத்தில் எங்கள் வழக்கப்படி கிபாராவால் ஒரு கோடு போட வேண்டும், அவர் சுரைக்குடுக்கையில் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டும் படத்தில் விழ வேண்டும் என்பது அவள் திட்டம்.

கிபாரா எங்கள் காட்டுக் காய். துருவிப் பிழிந்தால் தண்ணீர் மாதிரிச் சாறு வரும். உடம்பில் பூசினால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் கருநீலமாக எழுந்து நிற்கும். பிறகு தேய்த்தாலும் போகாது, அழுதாலும் போகாது. ஊரில் அதைச் சுரைக்குடுக்கையில்தான் வைப்போம். எந்த எம்பெராவை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள்: குடுக்கையில் இருந்தால் கிபாரா, பேசினில் இருந்தால் தண்ணீர். இந்த ஞானத்தோடுதான் நான் வாசலில் நின்றிருந்தேன்.

டாக்டர் வந்தார். அவர் வைத்தியர் அல்ல. பொகோட்டாவில் டை கட்டியவர் எல்லாரும் டாக்டர்தான். வழியில் தின்ற எம்பனாதாப் பலகாரத்தின் எண்ணெய் விரலிலும் மோவாயிலும் மினுங்கியது.

"தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? முகமெல்லாம் பிசுபிசுங்குது."

குழாயில் தண்ணீர் இல்லை. என்றைக்கு இருந்தது? மேசையில் ஒரு குடுக்கையும், இயக்குநரகத்தின் முத்திரை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினும் இருந்தன. நான் பேசினை எடுத்து நீட்டினேன். டாக்டர் தாராளமாகக் கழுவினார். நெற்றி, காது, கழுத்து, மணிக்கட்டு வரை இரண்டு கை.

"ஆகா, என்னா குளுமை! மூலிகைத் தண்ணியா?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், டாக்டர்."

அவர் மேடைக்குப் போனதும் ஒதிலியா என் முதுகில் குத்தினாள்.

"அட கூறுகெட்டவனே, என்னத்தக் குடுத்த அவருக்கு?"

"தண்ணி."

"தண்ணி குடுக்கையில இருக்கு."

"குடுக்கையில எவளாவது தண்ணி வைப்பாளா?"

"அந்தப் பொண்ணுதான் வைக்கச் சொல்லிச்சு. படத்துக்கு எடுப்பா இருக்குமாம். அதான் கிபாராவ பேசின்ல ஊத்தினேன்."

இருவரும் மேடையைப் பார்த்தோம். டாக்டரின் முகம் இன்னும் ரோஜா நிறத்தில், எதுவும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குத்தான் இப்படி இடைவெளி விடாமல் பூசுவோம், நோய் நொடி அண்டாமல் இருக்க. ஒதிலியா இடுப்புத் துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடை ஏறிய அதிகாரியை நிறுத்துவதற்கு எங்கள் மொழியில் சொல் இல்லை. அவர்கள் மொழியிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் பேசத் தொடங்கினார். முடிப்பதற்குள் எங்கள் கதையைச் சொல்லிவிடலாம், நேரம் இருக்கிறது.

எங்கள் ஆற்றங்கரையில் சண்டை போட்டவர்கள் மூன்று தரப்பு. அவர்கள் போய்விட்டார்கள், அல்லது போய்ப்போய் வருகிறார்கள். புதைத்த கண்ணிவெடிகள் மட்டும் போகவில்லை. யார் புதைத்தது என்று கேட்டால் ஒவ்வொரு தரப்பும் மற்ற இரண்டையும் கை காட்டும். படித்துறையில் ஒரு பன்றி வெடித்துப் போனது. பிறகு ஒதிலியாவின் தம்பி நெவார்தோ சோளக்காட்டுக்குப் போகும் பாதையில் இடது காலை விட்டான். அவனைத் தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊரே கிளம்பியது. ஒதிலியா அடுப்புக்கு மேலே தொங்கிய விதைக் கதிர்களை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டாள்.

விதைக் கதிருக்குப் புகை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு தின்னும். விடுதியில் அவள் முதல்முறை விறகு மூட்டியபோது கூரையில் ஒரு பெட்டி அலறியது. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தன. நாங்கள் கூப்பாடு போட்டபோதெல்லாம் வராத அரசாங்கம், ஒரு கொத்துக் கதிருக்குப் புகை காட்டியதும் மணியடித்துக்கொண்டு ஓடி வந்தது.

விதை கிழடு தட்டாமல் இருக்க வருடாவருடம் கொஞ்சத்தை விடுதிக் கொல்லையில் தூவிப் பார்த்தாள். முழங்கால் உயரம் வந்து, பொகோட்டாக் குளிரில் மஞ்சளித்துச் செத்தது. ஒரு கதிர் வைக்கவில்லை. கையிருப்பு குறைந்து இப்போது ஒரு சிறு கொத்துதான் பாக்கி.

"இந்த மழைக்கு நம்ம மண்ணுல விழலேன்னா அப்புறம் இது வெதை இல்லய்யா, வெறும் தீனி" என்றாள் அவள். "நீதான் அவங்க பாஷை பேசுறவனாச்சே. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வா. நாம எப்ப வீட்டுக்குப் போவோம்? அது போதும் எனக்கு."

கேட்காமலா இருந்தேன்? நான் மொழிபெயர்ப்பாளன். கேட்பதுதான் பிழைப்பு. பதிலைக் கொண்டுவருவதுதான் முடியவில்லை.

ஒருமுறை நிபுணர் ஒருவர் வந்தார். எங்கள் விதைப்பு நடுவது அல்ல, காட்டுக்குள் நடந்துகொண்டே விதையை வீசி எறிவது, பிறகு செடிகொடியை வெட்டி மேலே சாய்ப்பது என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"பிரச்சினை உங்க விவசாயத்துலதான் இருக்கு. இந்த நடக்கிறத மட்டும் விட்டுட்டா? வானத்துல இருந்து டிரோன்ல தூவிடலாம்."

"அறுவடை, ஐயா?"

"அது ரெண்டாவது கட்டம்."

பிறகு முன்னுரிமைக் குழு. எந்த ஊரில் முதலில் கண்ணிவெடி அகற்றுவது என்று தீர்மானிக்கும் குழு அது. ஓர் ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்களோ அதற்கேற்ற மதிப்பெண். எங்கள் ஊருக்குப் பூஜ்யம் வந்தது. ஏன் என்றால் அங்கே யாரும் இல்லை. ஏன் யாரும் இல்லை? வெடி இருக்கிறது. வெடியை ஏன் எடுக்கவில்லை? யாரும் இல்லை. குழுவின் தலைவி அம்மாள் இதைப் படம் வரைந்தே காட்டினாள். வட்டமாக, அழகாக இருந்தது.

நெவார்தோ ஊன்றுகோலைத் தூக்கினான். "யாரும் இல்லைன்னு யாரும்மா சொன்னது? என் கால் அங்கதான் இருக்கு. எங்களுக்கெல்லாம் முன்னாடி அதுதான் நிரந்தரமாக் குடியேறிச்சு."

நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. வாய் கேட்கவில்லை. குழு உணவு இடைவேளைக்குப் பிறகு இதைத் தீவிரமாக விவாதித்தது. கால் கையெழுத்துப் போட இயலாது என்பதால் அதைக் குடியிருப்பாளராகக் கொள்ள முடியாது என்று சட்ட ஆலோசகர் வருத்தத்தோடு தெரிவித்தார். பன்றி பற்றியும் கேட்டேன். விலங்குகள் மிதிப்பது சம்பவம் ஆகாதாம், அது பன்றியின் சொந்த அபிப்பிராயம்தானாம்.

ஆனாலும் எங்களைச் சும்மா விட்டுவிடவில்லை. போன வருடம் 'மாதிரித் திரும்பல்' நடத்தினார்கள். நகரப் பூங்காவில் சிவப்பு நாடா கட்டி, புல்லுக்குள் அட்டைக் கண்ணிவெடிகளை ஒளித்துவைத்து, அந்தப் பக்கம் அட்டையில் எங்கள் வீடு ஒன்றைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு ஏற வெட்டுப்படி போட்ட ஏணிமரம் கூட இருந்தது, தலைகீழாக. நாங்கள் குடும்பம் குடும்பமாக நடந்து வீடு சேர்ந்து கையசைக்க வேண்டும். கையசைத்தோம். பேருந்தில் ஏற்றி விடுதிக்குத் திருப்பி அழைத்து வந்தார்கள். மறுவாரம் வந்த அறிக்கையில், துவாந்தோ மக்கள் வெற்றிகரமாகத் திரும்பினர் என்று இருந்தது. எங்கிருந்து எங்கே என்று இல்லை.

நெவார்தோ மட்டும் தேறவில்லை. ஊன்றுகோல் அட்டையில் பட்டுவிட்டது. பயிற்சியாளர் விசில் ஊதி, "நீங்க செத்துட்டீங்க, ஓரமாப் போய் நில்லுங்க" என்றார்.

"ஒரு ஆளு எத்தன தடவதான் மிதிப்பான், மாமா?" என்று என்னைக் கேட்டான். "முதல் தடவ விசில் கூட ஊதல."

தேறியவர்களுக்குத் 'திரும்பல் பை' கிடைத்தது. அதில் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. அவனுக்கும் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். இடது பூட்ஸை ஹிமேனாவிடமே நீட்டினான். "ஊர்ப்பக்கம் யாராச்சும் போனா அந்தக் காலுகிட்டக் குடுத்துருங்க. அங்க எப்பவும் சேறு." அவள் கண் கலங்கிப் பெற்றுக்கொண்டாள். பிறகு அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

மேடையில் டாக்டர் இப்போது உச்சத்துக்கு வந்திருந்தார்.

"அன்பார்ந்த பழங்குடிச் சகோதர சகோதரிகளே! நீங்கள் வீடு திரும்பவே முடியாது என்று எவராவது சொன்னால், அவர் மீது நடவடிக்கை எடுப்போம். இந்த நாளில் திரும்பலாம் என்று எவராவது தேதி குறித்தால், அவர் மீதும் நடவடிக்கை எடுப்போம். பொறுப்பற்ற நம்பிக்கையும் பொறுப்பற்ற அவநம்பிக்கையும் எமக்கு ஒன்றே! கண்ணிவெடிகள் இருக்கும்வரை இந்த இயக்குநரகம் இருக்கும் என்று உறுதி கூறுகிறேன். அவை ஒழிந்துவிட்டால் நாங்கள் எங்கே போவோம்? ஆகவே நம் இருவரின் விதியும் பின்னிப் பிணைந்தது. சென்ற ஆண்டு மட்டும் திரும்பல் குறித்து நாங்கள் எத்தனை கருத்தரங்குகள் நடத்தினோம் தெரியுமா? உங்களைவிட நாங்கள்தான் அதிகம் பயணம் செய்திருக்கிறோம்!"

கை தட்டினோம். அவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வாங்கி எம்பெராவில் மொழிபெயர்த்தேன்: "இன்னும் பொறுத்திருக்கச் சொல்கிறார்."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு இத்துணூண்டுதானா?" என்று அவர் காதோடு கேட்டார்.

"எங்க மொழி சுருக்கம், டாக்டர்."

மறுநாள் காலை அவர் வெளிநாட்டுத் தூதர்களுக்கு விருந்து கொடுப்பதாக இருந்தது. கண்ணாடியில் முகம் பார்த்தபோது போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டதாம்.

அன்று விடுதிக்கு வராதது எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆய்வுக்கூட வண்டி வந்தது. தலை முதல் கால் வரை உறை போட்ட ராணுவத்தார் வந்து, மேசை மேல் கிடந்த பேசினைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு போட்ட அபாயப் பலகை நட்டார்கள். எங்கள் படித்துறைக்கு அந்தப் பலகை ஒன்றே ஒன்று கேட்டு அலைந்து நான் தேய்த்த செருப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடை போட்டிருக்கலாம். வெடி மோப்பம் பிடிக்கும் நாயையும் கூட்டி வந்தார்கள். அது பேசினை முகர்ந்து, கொட்டாவி விட்டு, ஒதிலியாவின் காலடியில் படுத்துவிட்டது.

"பாரு மாமா, மேலிடத்துல இருந்து வந்ததுல விஷயம் தெரிஞ்ச ஆளு இது ஒண்ணுதான்" என்றான் நெவார்தோ.

தலைவரின் முகத்தைத் துப்புரவாக்க உயர்மட்டக் குழு மதியத்துக்குள் அமைந்துவிட்டது. எலுமிச்சை, மண்ணெண்ணெய், தங்க நகை கழுவும் திரவம் எல்லாம் முயன்றார்கள். கறை நகரவில்லை, பளபளப்பு கூடியது. ஹிமேனா கெட்டிக்காரி. 'பழங்குடியினரின் வலியைத் தம் முகத்திலேயே ஏந்தினார் தலைவர்' என்று செய்தி வெளியிட்டாள். அது நாடு முழுக்கப் பரவி, பாராட்டு குவிந்தது. வந்தது வினை. மறுநாள் துணைத் தலைவர்கள் விடுதி வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"எனக்கும் பூசுங்க. கழுத்து வரைக்கும்."

"எனக்குக் காதோட போதும், ஆனா மதியத்துக்குள்ள கறுக்கணும். நாலு மணிக்குப் பேட்டி இருக்கு."

பதவிக்கு மீறிப் பூசிக்கொள்வது ஒழுக்கமீறல் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது: தலைவருக்கு முழு முகம், துணைத் தலைவருக்கு அரை, பிரிவுத் தலைவர்களுக்குக் கன்னம், தற்காலிக ஊழியருக்கு மோவாயில் ஒரு புள்ளி. கிபாராக் காய் தீர்ந்ததும் ஒரு துணைத் தலைவர் அழுதேவிட்டார்.

மூன்றாம் நாள் விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது.

"கறை எப்போது நீங்கும்? தெளிவாகச் சொல்லவும்" என்றார் நடுவில் இருந்தவர்.

இத்தனை வருடம் அவர்கள் பேச்சை மொழிபெயர்த்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கறை நீக்கம் என்பது ஒரு நாளில் முடியும் காரியம் அல்ல, ஐயா. அது படிப்படியான செயல்முறை. தோலின் பங்கேற்பும் அவசியம். உரிய சூழல் அமைந்ததும் உரிய கட்டத்தில் உரிய முன்னேற்றம் இருக்கும்."

மூவரும் திருப்தியோடு தலையாட்டினார்கள். அத்தனை நாளில் அவர்களுக்குக் கிடைத்த சிறந்த பதில் அதுதானாம். நான் வெளியே வந்தபோது எனக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் தலைவர் தனியாகப் பார்க்க விரும்புவதாக ஹிமேனா வந்து சொன்னாள்.

அறையில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். டாக்டர் பெரிய மேசைக்குப் பின்னால், டை இல்லாமல், கையுறை போட்டு உட்கார்ந்திருந்தார். தேய்த்துத் தேய்த்துக் கன்னம் புண்ணாகியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. நான் அப்படித்தான், என் வீட்டை எரித்தவன் விரலைச் சுட்டுக்கொண்டாலும் ஊதிவிடுவேன் என்று ஒதிலியா சொல்வாள்.

"உட்காருங்க, கில்தார்தோ."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எல்லாரும் என்னமோ சொல்றாங்க. ஆய்வுக்கூடத்துல நம்பிக்கையா இருக்குங்கிறாங்க. தோல் டாக்டர் முன்னேற்றம் தெரியுதுங்கிறார். நான் கண்ணாடியில பாக்கிறேன், அப்படியேதான் இருக்கு. வீட்டுல பேரப்புள்ள கிட்ட வர மாட்டேங்கிறா. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. இது எப்போ போகும்?"

"தேய்க்காதீங்க, டாக்டர். எதுக்கும் போகாது. தோல் தானா உதிர்ந்தாத்தான் உண்டு. அடுத்த பிறை தெரியறதுக்குள்ள சுத்தமாப் போயிரும். அது வரைக்கும் இப்படித்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். நாள் கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"அப்பாடா. இப்பத்தான் நிம்மதி. போகாதுன்னு சொன்னா தாங்கிக்கலாம், கில்தார்தோ. பதிலே இல்லாம இருக்கிறதுதான்..." பாதியில் நிறுத்தினார். கையுறைகளைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "பேசின் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான். வேணும்னு செய்யல. மன்னிக்கணும்."

"பரவாயில்ல."

நான் எழவில்லை. ஒதிலியா முதுகில் குத்திய இடம் இன்னும் வலிப்பது போல இருந்தது.

"டாக்டர், நானும் ஒண்ணு கேக்கலாமா? என் வீட்டுக்காரி கேக்கச் சொன்னது. அவகிட்டக் கொஞ்சம் வெதைச் சோளம் இருக்கு. எங்க ஊருதான் அதுக்கு மண்ணு, இங்க வளர மாட்டேங்குது. இந்த மழைக்கு வெதைக்கலேன்னா செத்துரும். நாங்க எப்ப வீட்டுக்குப் போவோம்?"

"பாருங்க, அது பல கட்டங்களாக நடைபெறும் ஒரு..." என்று தொடங்கினார். அவர் பார்வை மேசை மேல் இருந்த தன் கருநீலக் கைகளில் விழுந்தது. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போக மாட்டீங்க."

பழக்கத்தில் அந்த இரண்டு சொல்லையும் மனதுக்குள் எம்பெராவில் மாற்றிப் பார்த்தேன்.

"உங்க ஆறு வெடி எடுக்கிற வரிசையிலயே இல்ல, கில்தார்தோ. கடைசியில இருக்குன்னு நினைக்காதீங்க. இல்லவே இல்ல. யாரும் சேர்க்கல, யாரும் சேர்க்கப் போறதுமில்ல. ஆயுதக்காரங்க இன்னும் அங்க சுத்திக்கிட்டிருக்காங்க. நாங்க ஒண்ணு எடுத்தா அவங்க ரெண்டு வைப்பாங்க. அதனால எங்க ஆளுங்க அந்தப் பக்கம் கால் வைக்கிறதா இல்ல. நீங்க போக மாட்டீங்க. உங்க பையனும் போக மாட்டான்."

வெளியே நடையில் யாரோ கன்னத்துக் கறை பற்றி ஹிமேனாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சோளம்?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். முகம் முழுக்கக் கருநீலமாக இருந்ததால் கண்கள் மட்டும் தனியே தெரிந்தன.

"காத்து வெச்சிருக்க வேணாம்னு உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. சமைச்சுச் சாப்பிட்டிருங்க."